கிளம்புமாம்

அந்தப் பயணத்தைப் பற்றி யாராவது கேட்டால், "விமானம் பதினொன்றரை மணி நேரம் லேட்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். கேட்டவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுத் தங்கள் கதையைத் தொடங்குவார்கள். விமானத்தில் போய்வருகிற எல்லோரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. தரையில் படுத்தது, தண்ணீருக்கு அலைந்தது, ஆளில்லாத கவுன்ட்டர் முன்னால் நின்றது. என்னிடமும் அதெல்லாம் உண்டு. ஆனால் எட்டு மாதமாகியும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அவற்றில் எதுவும் இல்லை. அன்று இரவு ஒரு வயதான அம்மாவிடம் நான் ஆறேழு முறை சொன்ன ஒரு வாக்கியம்தான். "அரை மணியில கிளம்பிடும்மா."

இரவு 9:40-க்குக் கிளம்பவேண்டிய விமானம். மூன்றரை மணி நேரப் பறப்பு. ஒன்பது மணி வாக்கில் ஒரு பணியாளர் அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி முடித்ததும், "தம்பி தமிழா?" என்று ஒரு குரல். திரும்பினேன். எழுபதைத் தாண்டிய முகம். மடியில் ஒரு சின்னக் கைப்பை. அதன்மேல் வைத்திருந்த வலது கை நில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. மகள் வீட்டுக்குப் போகிறாராம். அங்கே இறங்கியதும் மகள் வந்து அழைத்துக்கொள்வாள். "அவங்க ஒலிபெருக்கியில என்ன சொல்றாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க தம்பி, போதும்" என்றார். இதைவிடச் சிறிய உதவியை யாரும் கேட்டுவிட முடியாது. சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன்.

அவருக்கு நடுக்குவாதம். ஏழு வருடமாக பார்க்கின்சன் மாத்திரை சாப்பிடுகிறார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று மணி தவறாமல் ஐந்து வேளை. இந்த நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. உடம்பை அசைய வைப்பதே அதுதான். நேரம் தவறினால் நடுக்கம் கூடும், கைகால் விறைக்கும், எழுந்திருக்க நினைத்தாலும் உடம்பு கேட்காது. அதிலும் இரவு முழுக்க இடைவெளி விட்டு வருகிற விடியற்காலை வேளைதான் மிகக் கடினம். அன்றைய இரவு பத்து மணி மாத்திரை கைப்பையில் இருந்தது. மீதி எல்லாம் பெட்டியில். விடிவதற்குள் மகள் வீட்டில் இருப்போம் என்ற கணக்கில், செக்-இன் பண்ணி அனுப்பிய பெட்டிக்குள்.

மருந்தைக் கைப்பையில் வைக்கவேண்டும் என்று இப்போது சொல்வது எளிது. அவருக்கும் தெரியும். ஒரே ஒரு மாத்திரை தேவைப்படும் பயணத்துக்கு அவர் ஒரு மாத்திரை வைத்திருந்தார். அந்தக் கணக்கில் பிழை இல்லை.

பலகையில் ஓடிய நேரம்

முதல் மாற்றம் 10:20. பிறகு 11:00. பிறகு 11:45. காரணம் கேட்டவர்களுக்கு "செயல்பாட்டுக் காரணங்கள்" என்ற ஒரே பதில். பதினொன்றரை மணிக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சிறு பொட்டலமும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றும் இல்லை.

பதினொன்றேகால் இருக்கும். அந்த அம்மா என் கையை மெல்லத் தொட்டார். "பெட்டியில இருக்கிற மாத்திரைய எடுத்துக் குடுக்கச் சொல்லலாமா தம்பி? ஆறு மணிக்கு வேணும்." நான் பலகையைப் பார்த்தேன். 11:45 என்றிருந்தது. "எதுக்கும்மா? அரை மணியில கிளம்பிடும். விடியறதுக்குள்ள மக வீட்டுல இருப்பீங்க" என்றேன். "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். மொத்தம் பத்து வினாடிப் பேச்சு.

11:45, 12:30 ஆனது. அது 1:15 ஆனது. ஒவ்வொரு முறையும் நான் கவுன்ட்டருக்குப் போய்க் கேட்டுவந்து சொன்னேன். தொடக்கத்தில் "இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்றார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அவர்கள் பேச்சு மாறியது. "அரை மணி நேரத்தில் அடுத்த தகவல் சொல்கிறோம்" என்றார்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது விமானத்தைப் பற்றியது, இரண்டாவது வெறும் தகவலைப் பற்றியது. அந்த மாற்றம் என் காதில் விழுந்தது, மனதில் பதியவில்லை. நான் அவரிடம் அதே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு மணிக்கு மேல் கவுன்ட்டரில் ஆளும் இல்லை. பலகை மட்டும் 2:30, 4:00, 6:00 என்று தானாக மாறிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் என்பது விசித்திரமான அளவு என்று அன்று தோன்றியது. அதில் எதையும் செய்ய முடியாது. தூங்கினால் அழைப்பைத் தவறவிடுவோமோ என்று பயம். வெளியே போய் அறை எடுக்கலாமென்றால், அதற்குள் கிளம்பிவிட்டால்? வேறு விமானத்தில் டிக்கெட் பார்க்கலாமென்றால், இது இதோ கிளம்பப் போகிறதே. காத்திருப்பவர்களுக்குத் தகவல் சொல்லலாமென்றால் என்ன சொல்வது? இப்படி அரை மணி அரை மணியாக இருபத்து மூன்று துண்டுகளை எங்களுக்குக் கொடுத்தார்கள். மொத்தமாகப் பதினொன்றரை மணி நேரம் என்று சொல்லியிருந்தால் அதை வைத்து ஒவ்வொருவரும் ஒரு முடிவெடுத்திருப்போம். துண்டுதுண்டாக வந்ததால் ஒரு முடிவும் எடுக்கவில்லை. எங்கள் வரிசையில் ஒரு கைக்குழந்தைக்காரப் பெண் இருந்தார். குழந்தையைத் தரையில் படுக்க வைக்க மனமில்லாமல், இதோ அழைப்பார்கள் இதோ அழைப்பார்கள் என்று நான்கு மணிவரை தோளிலேயே போட்டுக்கொண்டு உலாத்தினார்.

விமானத் துறையில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. 'க்ரீப்பிங் டிலே' என்பார்கள். ஊர்ந்து ஊர்ந்து நீளும் தாமதம். அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆறு மணி நேரம் ஆகும் என்று அறிவித்துவிட்டால் பயணிகள் கலைந்துவிடுவார்கள். பழுது இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அவர்களைத் திரட்டுவது கடினம். நெரிசலான நிலையங்களில் கிளம்புவதற்கென்று ஒதுக்கப்படும் நேரம் தவறினால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லை. அதனால் ஆட்களைக் கேட் பக்கத்திலேயே வைத்திருக்கப் பார்க்கிறார்கள். எனக்கு இது புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் பயணி என்பவர் ஏற்றப்படத் தயாராக இருக்கவேண்டிய ஒரு பொருளாகத்தான் வருகிறார். அவருக்கு ஆறு மணிக்கு ஒரு மாத்திரை இருக்கும் என்பது அதில் இல்லை.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு 2007 பிப்ரவரி 14 ஒரு சாட்சி. நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையத்தில் பனிப்புயல். ஜெட்புளூ நிறுவனம் விமானங்களை ரத்து செய்யாமல், வானிலை இப்போது தெளியும், கொஞ்ச நேரத்தில் தெளியும் என்று பயணிகளை ஏற்றி ஓடுதளப் பக்கம் நிறுத்திவைத்தது. சில விமானங்களில் ஒன்பது, பத்து மணி நேரம் வரை ஆட்கள் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு அதன் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், பயணிகளின் உரிமைகள் என்று நிறுவனமே ஒரு பட்டியல் வெளியிட்டது. இதுவும் இதுபோன்ற வேறு சம்பவங்களும் சேர்ந்துதான் அமெரிக்க அரசை அசைத்தன. உள்நாட்டு விமானத்தைப் பயணிகளோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் தரையில் நிறுத்திவைக்கக் கூடாது, இறங்க வழிசெய்ய வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீரும் உணவும் தரவேண்டும் என்ற விதி 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அன்று அந்த விமானங்களில் யாரும் யாரையும் பத்து மணி நேரம் அடைத்துவைக்கத் திட்டமிடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றே அது பத்து மணி நேரமானது.

ஆறு மணிக்கு முன்னால்

நான் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியவில்லை. விழித்தபோது 5:40. முதலில் அந்த அம்மாவின் கையைத்தான் பார்த்தேன். நடுக்கம் மிகவும் கூடியிருந்தது. உடம்பின் மற்ற பாகம் அசையாமல் இருந்தது. முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. எவ்வளவு நேரமாக நான் விழிப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. "கழிப்பறைக்குப் போகணும் தம்பி. எந்திரிக்க முடியல" என்றார். குரல் மிகச் சன்னமாக, வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

சக்கர நாற்காலி இல்லை, கொண்டுவந்து விட்டவரும் இல்லை. கைக்குழந்தைக்காரப் பெண் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு பெண்ணையும் எழுப்பிக்கொண்டு, இருவருமாக அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று போனார். திரும்பிவர இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. உட்கார வைத்ததும் நான் அவர் முன்னால் குந்தி, "பெட்டியை எடுக்கச் சொல்லியிருக்கலாமேம்மா, மறுபடி என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. பதற்றத்தில் வந்த சொல். அவர் கோபமே இல்லாமல் சொன்னார். "நீங்க அரை மணியில கிளம்பிடும்னு சொன்னீங்களே தம்பி."

ஆறு மணிக்குக் கவுன்ட்டரில் ஆள் மாறியிருந்தது. புதிதாக வந்திருந்த பெண்ணிடம் ஓடினேன். நோயின் பெயரைச் சொன்னதும் அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் சீட்டு எண்ணை வாங்கிக்கொண்டு கையிலிருந்த ரேடியோவில் பேசினார். நாற்பது நிமிடத்தில் பெட்டி கேட்டுக்கு வந்துவிட்டது. நாற்பது நிமிடம்! நேற்றிரவு ஒவ்வொரு அறிவிப்புக்கும் இடையில் அவ்வளவு நேரம் இருந்தது.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஒரு பயணி கடைசி நேரத்தில் விமானத்தில் ஏறாவிட்டால் அவர் பெட்டியைத் தேடி எடுத்து இறக்கிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். 1985-இல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் வெடித்து 329 பேர் இறந்தபோது, குண்டு இருந்த பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இல்லை. ஆளையும் பெட்டியையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் உலகெங்கும் இறுகியது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும், எடுக்கவும் முடியவேண்டும். பாதுகாப்புக்காகச் செய்யத் தெரிந்த வேலைதான் இதுவும்.

மாத்திரையைப் போட்டுவிட்டு அது வேலை செய்வதற்காக நாங்கள் காத்திருந்தபோது, அந்தப் பணியாளரிடம் விமானம் உண்மையில் எப்போது கிளம்பும் என்று கேட்டேன். "ஒன்பதுக்கு முன்னால் வாய்ப்பில்லை. நேற்றிரவு பன்னிரண்டரையைத் தாண்டியதுமே விமானிகளின் மீதிப் பணி நேரம் இந்தப் பறப்புக்குப் போதாமல் போய்விட்டது. புதியவர்களுக்குக் கட்டாய ஓய்வு முடியவேண்டும். அது நேற்றிரவே தெரியுமே" என்றார் இயல்பாக. எங்களுக்கும் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தே சொன்னார். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

விமானிகளின் பணி நேர வரம்பின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது நம் உயிருக்கான விதி. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்த விசாரணையில் விமானிகளின் களைப்பும் பேசப்பட்டது. அதன் தொடர்ச்சியாக அங்கே ஓய்வு விதிகள் மாற்றி எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார்கள், எத்தனை முறை பறக்கிறார்கள் என்பதை வைத்து வரம்பு கணக்கிடப்படுகிறது. விமானம் பழுதாகித் தரையில் நிற்கும் நேரமும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எனக்கு ஆறவில்லை. பழுது எப்போது சரியாகும் என்பது பொறியாளருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் விமானியின் நேரம் எப்போது முடியும் என்பது அவர் வேலைக்கு வந்த நிமிடமே தெரியும். பன்னிரண்டரையைத் தாண்டினால் காலைவரை இந்த விமானம் எழாது என்பது ஊகம் இல்லை, கூட்டல் கணக்கு. அதைத் தெரிந்துகொண்டே பலகையில் 1:15 என்றும் 2:30 என்றும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் எண்ணுவதும் எண்ணாததும்

திரும்பி வந்த பிறகு புகார் எழுதுவதற்காக விதிகளைப் படித்தேன். சர்வதேசப் பயணங்களுக்கு 1999-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு நிறுவனமே பொறுப்பு என்கிறது. நியாயமாகச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தோம் என்று அது நிரூபித்தால் தப்பிக்கலாம். காத்திருக்கும் நேரத்தில் எப்படி நடத்தவேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி அதைவிட வெகுதூரம் போகிறது. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ இழப்பீடு, உணவு, இரவானால் தங்குமிடம். தொழில்நுட்பப் பழுது என்று சொல்லிப் பொதுவாகத் தப்பிக்க முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இல் சொன்னது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானமே மூடிக்கிடந்தபோது பயணிகளைக் கவனிக்க மறுத்த ரயன்ஏர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், எரிமலையே வெடித்தாலும் உணவும் தங்குமிடமும் தரும் கடமை நீங்காது என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. நடமாட முடியாதவர்களை முதலில் கவனிக்கவேண்டும் என்றும் அந்த விதியில் எழுதியிருக்கிறது. இந்திய விதியிலும் இரவு எட்டுமுதல் அதிகாலை மூன்றுக்குள் கிளம்பவேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் தரவேண்டும் என்று இருக்கிறது. இவற்றுக்காகப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இருந்தும் நான் தேடியது எனக்குக் கிடைக்கவில்லை. இந்த விதிகள் மணிகளை எண்ணுகின்றன. இரண்டு மணி, மூன்று மணி, ஆறு மணி. ஐரோப்பிய விதி இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே பயணியின் உரிமைகளை எழுத்தில் தரவேண்டும் என்கிறது. ஆனால் அதன் பக்கங்களில், விமானம் எப்போது கிளம்பும் என்பதில் தனக்குத் தெரிந்ததை நிறுவனம் அப்படியே சொல்லவேண்டும் என்ற ஒரு வரியை நான் பார்க்கவில்லை. "காலை ஒன்பதுக்கு முன் கிளம்பாது" என்ற நான்கு சொற்கள். அறையோ காசோ தராமல் அதை மட்டும் சொல்லியிருந்தால்கூட, அந்த அம்மாவின் பெட்டி நள்ளிரவிலேயே வந்திருக்கும். குழந்தை தரையில் துணி விரித்துத் தூங்கியிருக்கும்.

என் புகாருக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். செயல்பாட்டுக் காரணங்களாம்.

ஒரு விகுதி

நிறுவனத்தின்மேல் எழுதவேண்டியதை எழுதிவிட்டேன். என் பங்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. தமிழில் நமக்கு ஓர் அருமையான வசதி உண்டு. பிறர் சொன்னதைச் சொல்லும்போது '-ஆம்' சேர்த்துக்கொள்கிறோம். மழை வரும் என்றால் நான் பொறுப்பு. மழை வருமாம் என்றால் யாரோ சொன்னார்கள், எனக்குத் தெரியாது. குழந்தைகூட இதைச் சரியாகச் சொல்லும். அன்று கவுன்ட்டரிலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் நான் சொல்லியிருக்கவேண்டியது "கிளம்புமாம்". நான் சொன்னது "கிளம்பிடும்". அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நிறுவனம் சொன்னதை அவர் நம்பியிருக்க மாட்டார். அவருக்கு அந்த மொழியே தெரியாது. அவர் நம்பியது என்னை. பெட்டியைக் கேட்கவேண்டாம் என்று அவரிடம் முடிவாகச் சொன்னதும் அவர்கள் இல்லை, நான்தான். கேட்கவேண்டியதை அவர் சரியான நேரத்தில் கேட்டிருந்தார்.

ஏழே முக்காலுக்கு மேல் அவர் கைகள் கொஞ்சம் அடங்கின. முகம் திரும்பி வந்தது. சிரித்தார். 9:15-க்கு விமானம் கிளம்பியது. இறங்கியதும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "ராத்திரி பூரா இந்தத் தம்பிதான் பார்த்துக்கிச்சு" என்று அந்த அம்மா என்னைக் காட்டினார். மகள் கைகூப்பினாள். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. மாத்திரை நேரம் தப்பிவிட்டது, இன்று கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போன மாதம் வேறொரு பயணம், வேறொரு நிலையம். அறிவிப்பு வந்தது. பக்கத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "என்ன சார் சொல்றாங்க?" என்றார். "பத்து மணிக்குக் கிளம்புமாம்" என்றேன். பிறகு கேட்டேன், "அப்பாவுக்கு மருந்து ஏதாவது பெட்டியில போட்டுட்டீங்களா?" அவர் என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்துவிட்டு, கைப்பையைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். விமானம் பத்து மணிக்கே கிளம்பியது.